சுனாமியில் இறந்தவர்களை எண்ணிவிட்டோம்... முள்ளிவாய்க்காலில்?

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 26 காலையில், கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் கூட்டம் கூடும். சுற்றுலா வந்தவர்கள் இல்லை. பால் சொம்பும் பூவும் கையில் எடுத்துக்கொண்டு வரும் மீனவக் குடும்பங்கள். நினைவுத் தூணுக்கு மாலை போட்டுவிட்டு, கடலுக்குள் நாலடி இறங்கிப் பாலை ஊற்றுவார்கள். சிலர் அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுவார்கள். 2004-ல் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கும் மேல் சுனாமி வாரிக்கொண்டு போனது.

அந்த எண்ணிக்கையில் யாருக்கும் சண்டை இல்லை. கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தார்கள். பெயர், வயது, அப்பா பெயர் எழுதினார்கள். நிவாரணம் கொடுத்தார்கள். 'சுனாமியே வரவில்லை, அதெல்லாம் கட்டுக்கதை' என்று இதுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை. சொன்னால் ஊர் சும்மா விடுமா?

இதே கடல். இதே நாள். நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீட்டர் தெற்கே, அதாவது கடலூரிலிருந்து கோவைக்கு உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு, இலங்கையின் முல்லைத்தீவுக் கரையையும் அந்த அலை அடித்து நொறுக்கியது. அங்கேயும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்களையும் எண்ணினார்கள். உலகம் முழுக்க இருந்து உதவி வந்தது.

நாலரை வருடம் கழித்து, அதே முல்லைத்தீவுக் கரையில், முள்ளிவாய்க்கால் என்ற சிறிய மணல் திட்டில் மறுபடியும் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். இந்த முறை அலை இல்லை, ஷெல். இந்த முறை எண்ணிக்கை இல்லை. இன்றுவரை இல்லை.

எழுபதாயிரம் பேர் எப்படி மூன்று லட்சம் ஆனார்கள்?

கொன்றதை மறுப்பது என்றால், 'கொல்லவில்லை' என்று சொல்வது மட்டும்தான் என்று நினைக்கிறோம். அது கடைசிப் படி. முதல் படி வேறு மாதிரி இருக்கும். 'அங்கே அவ்வளவு பேர் இல்லவே இல்லை' என்பதுதான் அது.

2008 செப்டம்பரில், வன்னியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐ.நா. ஊழியர்களையும் தொண்டு நிறுவனங்களையும் வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. 'போகாதீர்கள்' என்று கிளிநொச்சி ஐ.நா. அலுவலக வாசலில் மக்கள் திரண்டு நின்று மறித்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள். சுதந்திரமான செய்தியாளர்களுக்கும் போர்முனைக்குள் அனுமதி கிடையாது. அதன்பிறகு வன்னிக்குள் என்ன நடந்தது என்று வெளியே சொல்ல மிச்சம் இருந்தவர்கள் சில அரசு மருத்துவர்களும், பாதிரியார்களும், அந்த மக்களும்தான்.

2009 தொடக்கத்தில், போர் நடக்கும் பகுதிக்குள் சுமார் 70 ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள் என்றது அரசு. உணவும் மருந்தும் அந்தக் கணக்குப்படிதான் உள்ளே போனது. மே 18-ல் போர் முடிந்தது. முள்வேலி முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்கள் எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட 2 லட்சத்து 90 ஆயிரம் பேர். இல்லை என்று சொல்லப்பட்ட இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு நடந்து வந்து நின்றார்கள். அப்படியானால் நடந்து வர முடியாமல் போனவர்கள்?

இந்தக் கேள்வியைச் சத்தம் போடாமல், ஒரு கணக்கு வாத்தியாரைப் போலக் கேட்டவர் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப். 2011 ஜனவரியில், இலங்கை அரசே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் போய் அவர் வைத்தது வெறும் கழித்தல் கணக்கு. 2008 அக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டக் கச்சேரிகளின் பதிவுப்படி இருந்த மக்கள் 4,29,059. அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்து சேர்ந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் 2,82,380. மிச்சம் 1,46,679 பேர். 'இவர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள்' என்று ஆயர் சொல்லவில்லை. 'இவர்கள் எங்கே?' என்றுதான் கேட்டார். 2021 ஏப்ரலில் அவர் இறக்கும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

வேறு கணக்குகளும் உண்டு. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த மூவர் குழு 2011-ல் கொடுத்த அறிக்கை, 40 ஆயிரம் பேர்வரை இறந்திருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்றது. ஐ.நா. தன் சொந்தத் தவறுகளை ஆராயப் போட்ட இன்னொரு குழு, 2012 நவம்பரில், 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கணக்கில் வரவில்லை என்று குறிப்பிட்டது. இலங்கை அரசின் தரப்போ வெகுகாலம் ஒரே ஒரு எண்ணைத்தான் பிடித்துக்கொண்டு நின்றது. பூஜ்யம். பொதுமக்கள் ஒருவருக்கும் பாதிப்பில்லாத 'மனிதாபிமான நடவடிக்கை' என்று அந்தப் போருக்குப் பெயரும் வைத்தது. 2011 ஆகஸ்டில்தான், இவ்வளவு பெரிய சண்டையில் பொதுமக்கள் இறப்பைத் தவிர்க்க முடியாது என்று பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிக்கை இறங்கி வந்தது.

டாக்டர்கள் 'பொய்' சொன்ன கதை

இந்த வரலாற்றில் மனதை மிகவும் பிசையும் காட்சி ஒன்று உண்டு. அதில் ரத்தம் இல்லை. ஒரு மேஜையும் மைக்கும் சில டாக்டர்களும்தான்.

போரின் கடைசி மாதங்களில், மரத்தடியிலும் பள்ளிக்கூடத்திலும் மயக்க மருந்து தீர்ந்துபோன நிலையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தவர்கள் அங்கிருந்த அரசு மருத்துவர்கள். டாக்டர்கள் வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா போன்றவர்கள்தான் தொலைபேசியில் 'இன்று ஆஸ்பத்திரியில் ஷெல் விழுந்தது, இத்தனை பேர் போய்விட்டார்கள்' என்று வெளியுலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போர் முடிந்ததும் அவர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

2009 ஜூலை 8. கொழும்பில் செய்தியாளர் சந்திப்பு. இன்னும் தடுப்புக்காவலில் இருந்த ஐந்து டாக்டர்கள் கேமரா முன்னால் உட்காரவைக்கப்பட்டார்கள். 'நாங்கள் சொன்ன எண்ணிக்கை மிகைப்படுத்தியது. புலிகள் மிரட்டியதால் அப்படிச் சொன்னோம். ஜனவரியிலிருந்து மே பாதிவரை இறந்த பொதுமக்கள் அதிகபட்சம் 750 பேர்தான்' என்ற பொருளில் பேசினார்கள். அடுத்த மாதம் ஜாமீன் கிடைத்தது. பிற்பாடு அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த டாக்டர் வரதராஜா, அன்று பேசியது தாங்கள் விரும்பிப் பேசியது இல்லை, பேசவைக்கப்பட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

பிணத்தை மறைப்பதைவிட, பார்த்த சாட்சியின் வாயாலேயே 'பார்க்கவில்லை' என்று சொல்லவைப்பது எவ்வளவு வசதி!

சிதம்பரத்தில் ஒரு யாழ்ப்பாணக் குளம்

'இது இலங்கைக்காரர்கள் விஷயம், கடலூர் ஜில்லாவுக்கு என்ன சம்பந்தம்?' என்று கேட்பவர்கள் ஒருமுறை சிதம்பரம் ஞானப்பிரகாசர் குளக்கரைக்குப் போய்வரலாம். நடராஜர் கோயில் தெப்பம் நடக்கும் குளம் அது. அதை வெட்டியவர் உள்ளூர்க்காரர் இல்லை. யாழ்ப்பாணம் திருநெல்வேலியைச் சேர்ந்த ஞானப்பிரகாசர். போர்த்துக்கீசியர் ஆட்சியில், வீட்டுக்கு ஒரு பசுவாக அதிகாரியின் சமையலுக்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. தன் முறை வருவதற்கு முதல் நாள் இரவு ஊரைவிட்டே கிளம்பிவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இப்போதைய பாஷையில் சொன்னால், அவர் ஓர் அகதி. நானூறு வருடத்துக்கு முந்தைய அந்த அவமானம் ஒரு குளமாகத் தங்கிவிட்டது.

அவரோடு முடியவில்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864-ல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மட்டக்களப்பில் பிறந்த சுவாமி விபுலானந்தர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். யாழ்ப்பாணத்தார் எழுப்பிய மடங்கள் கோயிலைச் சுற்றி இருந்தன. 1983-க்குப் பிறகு வந்தவர்களின் கதை வேறு. அவர்களுக்குக் குறிஞ்சிப்பாடியிலும் காட்டுமன்னார்கோயிலிலும் விருத்தாசலத்திலும் முகாம்கள் கிடைத்தன. 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, டிகிரி முடித்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை மட்டும் இன்னும் மாறவில்லை.

செத்தவர்களின் எண்ணிக்கையில் அரசுக்கும் மக்களுக்கும் கணக்கு இடிப்பது சிதம்பரத்துக்குப் புதிதும் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழக வாசலில் நிற்கும் சிலை, 1965 ஜனவரி 27-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்த மாணவர் ராஜேந்திரனுடையது. அந்தப் போராட்டத்தில் தமிழகம் முழுக்க இறந்தவர்கள் சுமார் 70 பேர் என்றது அரசுக் கணக்கு. 500 வரை இருக்கும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அறுபது வருடம் ஆகியும் இரண்டு கணக்கும் சேரவில்லை. நம் ஊரிலேயே, நம் கண் முன்னாலேயே இதுதான் நிலை என்றால், சாட்சிகளை வெளியேற்றிவிட்டு நடத்திய போரைப் பற்றி என்ன சொல்ல?

பால் கேன்களுக்குள் புதைத்த உண்மை

மறுப்பு என்பதை ஒரு கலையாகவே செய்து காட்டியவர்கள் ஹிட்லரின் நாஜிகள். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அவர்கள் கொன்ற யூதர்கள் சுமார் 60 லட்சம். பலர் நினைப்பதுபோல, 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்ற பேச்சைப் போருக்குப் பின்னால் வந்த யாரோ தொடங்கவில்லை. கொன்றவர்களே, கொன்றுகொண்டிருக்கும்போதே தொடங்கிவிட்டார்கள்.

1942-லிருந்து '1005' என்ற ரகசிய எண்ணில் ஒரு நடவடிக்கை. கூட்டம் கூட்டமாகச் சுட்டுப் புதைத்த இடங்களைக் கைதிகளை வைத்தே மறுபடி தோண்டி, உடல்களை எரித்து, எலும்பைப் பொடியாக்கினார்கள். வேலை முடிந்ததும் தோண்டிய கைதிகளையும் கொன்றார்கள். ஆவணங்களில் 'கொலை' என்ற வார்த்தையே வராது. 'இடமாற்றம்', 'சிறப்புக் கவனிப்பு' என்றுதான் எழுதுவார்கள். 'மனிதாபிமான நடவடிக்கை' என்ற பெயர் ஏனோ இந்த இடத்தில் ஞாபகத்துக்கு வருகிறது.

கொல்லப்பட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. போலந்தின் வார்சா நகரில் யூதர்களை அடைத்துவைத்த பகுதிக்குள், இம்மானுவேல் ரிங்கல்ப்ளும் என்ற வரலாற்று ஆசிரியர் 1940-லேயே ரகசியமாக ஒரு குழுவைச் சேர்த்தார். டைரிகள், ரேஷன் அட்டைகள், மிட்டாய்க் காகிதங்கள், டிராம் டிக்கெட்டுகள், பள்ளிக்கூடக் கட்டுரைகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார்கள். 'நாம் பிழைக்க மாட்டோம். இதாவது பிழைக்கட்டும்' என்பதுதான் எண்ணம். தகரப் பெட்டிகளிலும் இரண்டு பால் கேன்களிலும் போட்டு மண்ணுக்குள் புதைத்தார்கள். ரிங்கல்ப்ளும் 1944-ல் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். இடிபாடுகளுக்கு அடியிலிருந்து 1946-ல் ஒரு பகுதியும், 1950-ல் பால் கேன்களும் கிடைத்தன. சுமார் 35 ஆயிரம் பக்கங்கள். மூன்றாவது பகுதியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்கத் தளபதி ஐசனோவருக்கும் அதே கவலை இருந்தது. 1945 ஏப்ரலில், ஜெர்மனியில் ஓர்ட்ரூஃப் என்ற முகாமைப் பார்த்தவர், செய்தியாளர்களையும் எம்.பி.க்களையும் உடனே வரவழைத்துக் காட்டினார். 'பிரசாரத்துக்காகக் கட்டிவிட்ட கதை' என்று நாளைக்கு எவனாவது சொல்வான் என்று அன்றைக்கே கணக்குப் போட்டார். கணக்குத் தப்பவில்லை.

'நிரூபி!' என்றார் டேவிட் இர்விங்

டெபோரா லிப்ஸ்டாட் அமெரிக்கப் பேராசிரியை. யூதப் படுகொலையை மறுப்பவர்களைப் பற்றி 1993-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில், பிரிட்டிஷ் எழுத்தாளர் டேவிட் இர்விங் சான்றுகளைத் திரித்து எழுதுகிறவர் என்று சொல்லியிருந்தார். இர்விங் 1996-ல் லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். இங்கிலாந்துச் சட்டப்படி, சொன்னது உண்மைதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு எழுதியவர் தலையில். அதாவது, நடந்தது எல்லோருக்கும் தெரிந்த ஒரு கொடூரத்தை 'நடந்தது' என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டிய நிலை அந்த அம்மாவுக்கு.

லிப்ஸ்டாட்டின் வக்கீல்கள் எடுத்த முடிவு ஆச்சரியமானது. உயிர் பிழைத்தவர்கள் ஒருவரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. தானே வாதாடிய இர்விங், அந்த முதியவர்களைக் குறுக்கு விசாரணை என்ற பெயரில் 'அந்தக் கதவு இடது பக்கமா, வலது பக்கமா?' என்று கேட்டு அவமானப்படுத்துவார் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்குப் பதிலாக, ரிச்சர்ட் எவன்ஸ் என்ற வரலாற்றுப் பேராசிரியர் தன் உதவியாளர்களோடு உட்கார்ந்து இர்விங்கின் புத்தகங்களில் இருந்த அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாக மூல ஆவணத்தோடு ஒப்பிட்டார். தவறுகள் இருந்தன. எல்லாத் தவறும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன, ஹிட்லருக்குச் சாதகமாக! தராசு ரிப்பேர் என்றால் சில சமயம் வாங்குபவனுக்கும் லாபம் வரவேண்டுமே?

2000 ஏப்ரல் 11-ல் தீர்ப்பு. இர்விங் தோற்றார். அவர் யூத வெறுப்பாளர், இனவெறியர், சான்றுகளை வேண்டுமென்றே திரித்தவர் என்று நீதிபதி சார்லஸ் கிரே எழுதினார். 2016-ல் இது சினிமாவாகவும் வந்தது.

ஜெர்மனியில் இன்று யூதப் படுகொலையைப் பொதுவெளியில் மறுத்தால் ஐந்து ஆண்டுவரை சிறை. ஜெருசலேமில் உள்ள யாத் வஷெம் நினைவகம் இறந்தவர்களின் பெயர்களைத் தனித்தனியாகச் சேகரித்துக்கொண்டே வந்து, இப்போது 50 லட்சத்தைத் தொட்டிருக்கிறது. சுமார் எழுபது வருட உழைப்பு. இத்தனைக்கும் ஜெர்மனி போரில் தோற்ற நாடு. அதன் ஆவணங்கள் வென்றவர்கள் கையில் சிக்கின. கொன்றவர்கள் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தால்தான், முள்ளிவாய்க்காலில் ஏன் ஒரு பெயர்ப்பட்டியல்கூட இல்லை என்பது புரிகிறது.

நம் வாயில் ஹிட்லர் என்றால் யார்?

இங்கே கொஞ்சம் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 'எங்க ஹெட்மாஸ்டர் சரியான ஹிட்லர்' என்று சொல்லாத தமிழ்ப் பிள்ளை உண்டா? கண்டிப்பான அப்பா ஹிட்லர், டிராஃபிக் எஸ்.ஐ. ஹிட்லர். அந்தப் பெயரில் சினிமாக்களும் உண்டு. புத்தகக் கண்காட்சிகளில் ஹிட்லரின் சுயசரிதை தன்னம்பிக்கை நூல்களுக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கப்படுகிறது. 1914-ல் சென்னை மீது குண்டு போட்ட எம்டன் கப்பலை, 'அவன் பெரிய எம்டன்டா' என்று சாமர்த்தியசாலிக்குப் பட்டமாக மாற்றியவர்கள் நாம். யுத்தம் நம் ஊருக்குள் முழுசாக வராததால் வந்த விளையாட்டுப் புத்தி இது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் 60 லட்சம் பேரைக் கொன்றவனை 'கண்டிப்பானவர்' ஆக்குவதும் மறப்பதில் ஒரு வகைதான்.

உண்மையில் யுத்தம் நம் குடும்பங்களுக்குள் வந்திருந்தது. மலேயா ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்களில் அன்றைய தென்னாற்காடும் ஒன்று. இன்றைய கடலூர் ஜில்லா அதற்குள்தான் வரும். யூதர்களை வதைமுகாமுக்கு ரயில் ஏற்றிக்கொண்டிருந்த அதே 1942, 43-ல், ஜப்பானிய ராணுவம் மலேயாத் தமிழர்களை சயாம் காட்டுக்கு ரயில் ஏற்றியது. தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90 ஆயிரம் பேர் இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. அதில் தமிழர்கள் பெரும் பகுதி. அதே பாதையில் இறந்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்கு காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் இருக்கும். தமிழனுக்கு? அண்மை ஆண்டுகளில் மலேசியத் தமிழர்கள் முயற்சி எடுத்து ஒரு நடுகல் வைத்தார்கள். தாத்தா மலேயா போனார், திரும்பி வரவில்லை என்ற ஒற்றை வரியோடு முடிந்துபோன குடும்பங்கள் இந்தப் பக்கம் எத்தனை இருக்கும்!

நம் பக்கமும் ஒரு கண்ணாடி வேண்டும்

மறுப்பு என்பது எதிரிக்கு மட்டுமே வரும் வியாதி என்றால் சுலபம். முள்ளிவாய்க்காலைப் பேசும் பலர், அதே ஐ.நா. அறிக்கையின் இன்னொரு பகுதியைப் படிப்பதில்லை. மக்களைப் போர்ப் பகுதியைவிட்டு வெளியேறவிடாமல் தடுத்தது, தப்பி ஓடியவர்களைச் சுட்டது, சிறுவர்களைப் படையில் சேர்த்தது என்று விடுதலைப் புலிகள் மீதும் அந்த அறிக்கை கடுமையாகக் குற்றம் சாட்டுகிறது. 1990 அக்டோபரில், வடக்கில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சுமார் 75 ஆயிரம் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். அவர்கள் வீட்டில் பேசும் மொழியும் தமிழ்தான். அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஆகஸ்ட் 3-ல், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புலிகள் மறுத்தார்கள். தமிழ்நாட்டு மேடைகளில் காத்தான்குடி என்ற ஊர்ப் பெயர் எத்தனை முறை கேட்டிருக்கிறது?

இதைச் சொன்னால் 'சமன் செய்கிறாயா?' என்று கோபம் வரும். கழித்தல் கணக்கில் வந்த 1,46,679-ல் இதனால் ஒன்றுகூடக் குறையப் போவதில்லை. ஆனால் தன் பக்கத்துப் பிணங்களை மட்டும் எண்ணுபவனின் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள். இர்விங்கின் தராசைத்தான் பார்த்தோமே.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு சண்டையா?

'இனப்படுகொலை' என்ற சொல்லுக்கு சட்டத்தில் தனி அர்த்தம் உண்டு. போலந்து யூத வக்கீல் ரஃபேல் லெம்கின் 1944-ல் உருவாக்கிய சொல் அது. 1948 டிசம்பர் 9-ல் ஐ.நா. அதை ஒப்பந்தமாக்கியது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதைவிட, ஓர் இனத்தையோ மதத்தையோ முழுசாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்ததா என்பதுதான் அதில் முக்கியம். இலங்கை விஷயத்தில் ஐ.நா. அறிக்கைகள் போர்க்குற்றங்கள், மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் என்ற அளவில் பேசுகின்றன. வட மாகாண சபை 2015 பிப்ரவரியில் 'நடந்தது இனப்படுகொலை' என்றே தீர்மானம் போட்டது. கனடா நாடாளுமன்றம் 2022-ல் மே 18-ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றது. 2025 மே மாதம் கனடாவின் பிராம்டன் நகரப் பூங்காவில் நினைவுச்சின்னம் திறந்தபோது, இலங்கை அரசு கனடாத் தூதரை அழைத்துக் கண்டனம் தெரிவித்தது. கொழும்பில் ஆட்சிகள் மாறின. இந்த ஒரு பதில் மட்டும் மாறவில்லை. சர்வதேச விசாரணை வரட்டும், நோக்கம் என்ன என்று நீதிபதிகள் முடிவு செய்யட்டும் என்றால் அதற்கும் சம்மதம் இல்லை.

நம் ஊரிலும் நினைவுச்சின்னங்களுக்கு நிம்மதி இருந்ததில்லை. 2013-ல், பாலச்சந்திரன் என்ற 12 வயதுச் சிறுவனின் கடைசிப் படங்கள் வெளியானபோது தமிழகம் முழுக்கக் கல்லூரிகள் கொதித்தன. சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதே வருடம் நவம்பரில், தஞ்சாவூர் அருகே விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் திறந்த சில நாள்களிலேயே, ஆக்கிரமிப்பு என்று சொல்லி அதன் சுற்றுச்சுவர் இடிக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் எழுப்பிய நினைவுத் தூபி 2021 ஜனவரி 8 இரவில் புல்டோசரால் தகர்க்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். உலகெங்கும் எதிர்ப்பு. மூன்று மாதத்தில் மறுபடி கட்டினார்கள்.

கஞ்சிக்கும் கைது

கல்லை இடிக்கலாம். கஞ்சியை?

முள்ளிவாய்க்காலின் கடைசி நாள்களில் மக்களுக்குக் கிடைத்தது அரிசியும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் சேர்த்த வெறும் கஞ்சி. அதை வாங்க வரிசையில் நின்றபோதும் ஷெல் விழுந்தது. இப்போது ஒவ்வொரு மே மாதமும் வடக்கிலும் கிழக்கிலும், புலம்பெயர்ந்த நாடுகளிலும் அதே கஞ்சியைத் தெருவோரம் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். பால் கிடையாது, தாளிப்பு கிடையாது. ருசியாக இருக்கக் கூடாது என்பதுதான் பக்குவமே. குழந்தை 'இது ஏன் நல்லாவே இல்ல?' என்று கேட்கும். அப்போது அம்மா சொல்லத் தொடங்குவாள்.

2024 மே மாதம், திருகோணமலை மாவட்டம் சம்பூரில் இந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காக மூன்று பெண்கள் உட்பட நான்கு பேரை போலீஸ் கைது செய்தது.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் தொடங்கிய போராட்டம் இன்னும் முடியவில்லை. கையில் லேமினேட் செய்த போட்டோக்கள். போரின் கடைசி நாள்களில் தாங்களே ராணுவத்திடம் கையளித்த பிள்ளைகள், கணவன்மார்கள். 2020 ஜனவரியில் அன்றைய அதிபர் கோத்தபய ராஜபக்சே, காணாமல் போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். எங்கே, எப்படி, யாரால் என்பதைச் சொல்லவில்லை. அப்போதிலிருந்து அந்தத் தாய்மார்கள் பலர், பதில் தெரியாமலே ஒருவர் பின் ஒருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள்.

மண் மட்டும் அவ்வப்போது வாய் திறக்கிறது. யாழ்ப்பாணம் செம்மணியில் 300, 400 உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக, மாணவி கிருஷாந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற ராணுவச் சிப்பாய் ஒருவரே 1998-ல் நீதிமன்றத்தில் சொன்னார். மறு வருடம் தோண்டியபோது கிடைத்தவை 15 எலும்புக்கூடுகள். விஷயம் அதோடு அமுங்கியது. 2025 பிப்ரவரியில், அங்கே உள்ள சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குப் பள்ளம் தோண்டிய தொழிலாளர்களின் கண்ணில் எலும்புகள் பட்டன. நீதிமன்ற உத்தரவில் மறுபடி தோண்டினார்கள். செப்டம்பருக்குள் வெளியே வந்தவை சுமார் 240 எலும்புக்கூடுகள். சிறு குழந்தைகளுடையவையும் இருந்தன. கூடவே கிடைத்த பொருள்களை வரிசையாக அடுக்கி, அடையாளம் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று நீதிமன்றம் மக்களைக் கூப்பிட்டது. கண்ணாடி வளையல்கள், ஒரு பால் புட்டி, ஒரு பொம்மை, நீல நிறத்தில் ஒரு பள்ளிக்கூடப் பை.